கேரவனைக் கழுவ 700 ரூபாயா, 22,000 ரூபாயா?

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டருக்குள், எங்கள் கேரவனைக் கழுவித் தருவதற்கு இந்த மூன்று ஆண்டுகளில் ஆறு இடங்களில் விலை கேட்டிருக்கிறேன். மிகக் குறைவாகச் சொல்லப்பட்டது 700 ரூபாய். மிக அதிகமாகச் சொல்லப்பட்டது 22,000 ரூபாய். ஒரே வண்டி, ஒரே அழுக்கு, முப்பது மடங்கு வித்தியாசம். இந்த இருவரில் யாரும் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை என்பது விளங்குவதற்குத்தான் எனக்குச் சற்று நாளானது. கழுவுவது என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறார்கள். 700 ரூபாய் சொன்னவர் தண்ணீர் பீய்ச்சுவதை மனதில் வைத்துச் சொன்னார், 22,000 சொன்னவர் பெயின்ட்டை மெஷினால் தேய்த்துப் பளபளப்பாக்கி மேலே ஒரு பூச்சு கொடுப்பதை மனதில் வைத்துச் சொன்னார். சொந்தமாகக் கேரவன் வைத்திருப்பவருக்கும், வாடகைக்கு விடுபவருக்கும், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கும் முடிவெடுக்க உதவட்டும் என்று, கொடுத்த பணத்தையும் பட்ட பாட்டையும் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். இதிலுள்ள தொகைகள் எல்லாம் எங்கள் பக்கத்தில் எங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்டவை; கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ இவை மாறும்.

எங்களுடையது ஃபோர்ஸ் டிராவலர் வேனின் சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், மேல் கட்டப்பட்ட வண்டி. அத்தானும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. நீளம் ஏழு மீட்டர், அதாவது 23 அடி. பக்கவாட்டு இரண்டு, முன், பின், கூரை எல்லாவற்றையும் கூட்டினால் கழுவ வேண்டிய பரப்பு ஏறத்தாழ 54 சதுர மீட்டர் வருகிறது. சிறிய கார் ஒன்றுக்கு இதே கணக்கைப் போட்டால் 20 சதுர மீட்டரைச் சுற்றித்தான் வரும். அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளைக் கழுவுபவர்கள் பெரும்பாலும் நீளத்தை அளந்து அடிக்கு இத்தனை டாலர் என்றே விலை வைக்கிறார்கள். கூரையைக் கழுவுவதற்கும் வாக்ஸ் போடுவதற்கும் தனிக் கட்டணம் வாங்குவதும் அங்கே வழக்கம். நம் ஊர் விலைப்பலகையில் பைக், கார், ஜீப், வேன், லாரி என்ற ஐந்து வரிகளுக்கு மேல் இருப்பதில்லை. கேரவன் இந்த ஐந்தில் எதிலும் சேராததால், ஓனர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, நம் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு விலை சொல்கிறார். தென்காசி வட்டாரத்தில் சினிமாப் படப்பிடிப்பு அடிக்கடி நடப்பதால் கேரவன் என்றாலே நடிகர் வண்டி என்ற எண்ணம் வேறு இருக்கிறது. "உள்ள யாரு அண்ணாச்சி இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லப்படும் விலையில் குறைந்தது 300 ரூபாய் அந்த நடிகருக்கானது.

பரப்பளவைவிட முக்கியமான வேறொன்று இருக்கிறது. சாதாரண வேனின் உடம்பில் கதவும் ஜன்னலும்தான் திறப்புகள். அவற்றைக் கம்பெனியே பீடிங் எனும் ரப்பர் விளிம்பு வைத்து அடைத்து அனுப்புகிறது. கேரவனிலோ, கட்டியவர்கள் பிறகு வெட்டிய திறப்புகள் ஏராளம். கூரையில் காற்று வருவதற்கான ஹேட்ச், சோலார் பேனலின் வயர் இறங்கும் துளை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சூடு வெளியேறும் துவாரம், தண்ணீர் நிரப்பும் வாய், வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் சாக்கெட், வெயில் மறைப்புத் துணியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் என்று எங்கள் வண்டியில் பதினான்கு எண்ணினேன். இந்தப் பதினான்கையும் காப்பது, தண்ணீர் புகாமல் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும் சீலன்ட் என்ற பசை ஒன்றுதான். வெயிலில் அது இறுகும், பிறகு வெடிக்கும். ஆகவே கேரவனைக் கழுவும் செலவைக் கணக்கிடும்போது, பில்லில் எழுதியிருக்கும் தொகையோடு இந்தத் துளைகளின் வழியாகப் பின்னால் வரக்கூடிய செலவையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

அழுக்கும் எங்கள் பக்கத்தில் தனி ரகம். கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744-இல், தென்காசிப் பக்கமிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றின் பின்னால் மலை ஏறும் வண்டியின் மூக்கில் கல்பொடி படிகிறது. ஆனி, ஆடிச் சாரல் அதை நனைக்கிறது. சமவெளிக்கு இறங்கியதும் வெயில் அதைக் காயவைக்கிறது. இப்படி நான்கு நாள் போனால், நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்குச் சிமென்ட்டுப் பூச்சுபோல ஒரு மெல்லிய ஏடு கட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வட்டாரத்தில் தேக்கு மரத்தடியில் மழைக்காலத்தில் நிறுத்தினால், தளிரிலைச் சாறு வெள்ளைக் கூரையில் வெற்றிலை எச்சில்போலச் சிவப்பாக இறங்கியிருக்கும். மாதம் முழுவதும் சாரல் இருக்கும்போது பீடிங் ஓரங்களில் பச்சைப் பாசி பிடிக்கும். தூசியை மட்டும் நினைத்து விலை பேசினால் இவை மூன்றும் அப்படியே இருக்க வண்டி திரும்பி வரும்.

முதல் வழி, நெடுஞ்சாலை ஓரத்து லாரி வாட்டர் சர்வீஸ். சரிவாகக் கட்டிய சிமென்ட் ரேம்ப், பெரிய தொட்டி, மோட்டாரோடு இணைந்த பம்ப், கையில் தண்ணீர் பீய்ச்சும் கன்னோடு இரண்டு பையன்கள். வெளியே தண்ணீர் மட்டும் அடிக்க 700 ரூபாய், ஷாம்பு போட்டு அடிப்பாகமும் சேர்த்து அடிக்க 1,200 ரூபாய், பட்டை ஸ்பிரிங்குக்கும் மற்ற இடங்களுக்கும் கிரீஸ் வைக்க மேலும் 300 ரூபாய் என்பது எங்களுக்குக் கிடைத்த விலை. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அடிப்பாகத்தைப் பொறுத்தவரை இதற்கு ஈடு வேறு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் கடைகளில் உள்ள லிஃப்ட்டில் நான்கு டன்னை நெருங்கும் வண்டியை ஏற்ற அவர்களும் சம்மதிப்பதில்லை, நாமும் கேட்கக் கூடாது. லாரி ஏறும் ரேம்ப்பில் நம் வண்டி விளையாட்டுப்பிள்ளை. சேஸிஸ் சட்டத்தின் உட்புறம் அப்பியிருக்கும் செம்மண்ணையும் கல்பொடியையும் அந்த வேகத் தண்ணீர்தான் பெயர்த்தெடுக்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தால் உப்புக்காற்றுக்காகவும் இங்கே ஒருமுறை விடுவது நல்லது.

ஆனால் அதே கன் இடுப்புக்கு மேலே வரும்போதுதான் எனக்குப் பயம். வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறிய பிரஷர் வாஷர்கள் 100 முதல் 130 பார் அழுத்தத்தில் அடிப்பவை. இந்தக் கடைகளின் பம்புகள் பலவும் அதற்கு மேல் அடிப்பவை. லாரியின் இரும்புப் பலகையை நினைத்து அடித்துப் பழகிய கை, ஒரு சாண் தூரத்தில் கன்னைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்து அடிக்கும். அந்தக் கோணத்தில் ஸ்டிக்கரின் ஓரம் உரியும், சீலன்ட்டின் வெடிப்பில் தண்ணீர் புகும். எங்கள் வண்டிக்கு இரண்டாம் ஆண்டு நடந்தது இதுதான். நான் ரோட்டின் எதிர்ப்புறம் டீ குடித்துக்கொண்டிருந்தேன்; திரும்பிப் பார்த்தபோது பையன் ஒருவன் வெறுங்காலோடு கூரை மேல் நின்று, ஹேட்ச்சைச் சுற்றிலும் குனிந்து அடித்துக்கொண்டிருந்தான்; மற்றவன் கீழே ஃப்ரிட்ஜ் துவாரத்தின் கம்பித்தட்டில் தூசி தெரிகிறதே என்று நேராக உள்ளே அடித்திருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்றுதான் செய்தான். அன்று இரவே இன்வெர்ட்டர் நின்றது. சரிசெய்ய 9,500 ரூபாய். இரண்டு வாரம் கழித்து உட்கூரை பிளைவுட்டில் தேநீர்க்கறை நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. ஹேட்ச்சைக் கழற்றி, பலகையைக் காயவைத்து, பழைய சீலன்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச 14,000 ரூபாய். 1,200 ரூபாய்க் கழுவல் 24,700 ரூபாயில் முடிந்தது. அத்தான் இன்றுவரை அந்த டீயின் விலையைச் சொல்லிக்காட்டுகிறார்.

இந்தக் கடைகளில் இன்னொரு வழக்கம், கழுவி முடித்ததும் அடிப்பாகத்துக்கு டீசலும் பழைய எண்ணெயும் கலந்து அடிப்பது. துருப் பிடிக்காது என்பதற்காகச் செய்கிறார்கள். பார்க்கவும் கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். ஆனால் ரப்பர் புஷ்களுக்கு எண்ணெய் ஆகாது, அவை ஊதிப்போய்ச் சீக்கிரம் தேயும். அதோடு ஈரமான எண்ணெய் அடுத்த நாளே கல்பொடியைப் பிடித்துக்கொள்ளும். வேண்டாம் என்று ரேம்ப்பில் ஏற்றும்போதே சொல்லிவிட வேண்டும். முடித்த பிறகு சொன்னால் ஏற்கெனவே அடித்திருப்பார்கள்.

இரண்டாவது வழி, டீடெய்லிங் கடை; வண்டியைக் கையால் நுணுக்கமாகக் கழுவிப் பளபளப்பாக்கித் தரும் கடை. தென்காசியிலும் இப்போது இத்தகைய கடைகள் வந்துவிட்டன என்றாலும், ஏழு மீட்டர் வண்டி உள்ளே நிற்கும் கூரையுள்ள இடம் எனக்குக் கிடைத்தது புனலூர்ப் பக்கத்தில்தான். அங்கே டூரிஸ்ட் பஸ்களைப் பராமரித்துப் பழகிய கைகள் இருக்கின்றன. கேரளத்து டூரிஸ்ட் பஸ்களை 2022-இல் வெள்ளை நிறத்துக்கு மாற்றச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தும் வரை, படங்களும் எழுத்துகளும் நிறைந்த அந்தப் பெரிய உடம்புகளை ஸ்டிக்கர் உரியாமல் கழுவி வந்தவர்கள் அவர்கள். எங்கள் வண்டி போய் நின்றதும் கடைச் சேட்டன் முதலில் கேட்டது, "முகளில் எந்தெல்லாம் உண்டு?" என்பதுதான். கூரையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்கும் ஆளிடம் வண்டியை விடலாம் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது.

அவர்கள் சொன்ன விலை, நுரை அடித்துக் கையால் தேய்த்துக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துத் தர 3,500 ரூபாய். பில் போடும் கடை என்பதால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 4,130 ரூபாய். போய்வர நூறு கிலோமீட்டர். எங்கள் வண்டி லிட்டருக்குப் பத்து கொடுக்கும் என்பதால் டீசல் ஏறத்தாழ 950 ரூபாய். ஆக ஒருமுறைக்கு 5,080 ரூபாயும் முழு ஒரு நாளும். சொந்த உபயோகத்துக்கான பதிவு என்பதால் எங்களுக்கு எல்லையில் தொந்தரவில்லை. வாடகைப் பதிவு வண்டியாக இருந்தால் பெர்மிட், வரி விஷயங்களைப் பார்த்துக்கொண்டே மலை ஏற வேண்டும், கழுவுவதற்காக மட்டும் அந்தச் சிரமத்தைப் படுவது வீண்.

மெஷினால் பாலிஷ் செய்து வாக்ஸ் போடுவது வேறு வேலை. அதற்குத்தான் முதலில் 22,000 சொன்னார்கள், பூச்சோடு சேர்த்து. பூச்சு வேண்டாம், பாலிஷும் வாக்ஸும் மட்டும் போதும் என்றதும் 12,000-த்துக்கு வந்தது. வரியோடு 14,160 ரூபாய். இது அலங்காரச் செலவு என்று முதலில் நினைத்தேன். ஃபைபர் பாகங்கள் வெயிலில் வெளிறிச் சுண்ணாம்புப்பொடி விடத் தொடங்கும் என்பதும், அந்தப் பொடிப்பை நீக்கி மேலே மெழுகு ஏறியிருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்குக் கல்பொடி ஏடு அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது என்பதும் செய்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. வாக்ஸ் போட்டபின் வீட்டில் கழுவும் நேரம் எங்களுக்கு நான்கு மணியிலிருந்து இரண்டரை மணியாகக் குறைந்தது.

கேரளப் பக்கத்தில் கழுவுவதில் யாரும் விலைப்பட்டியலில் சேர்க்காத ஒரு லாபம் தண்ணீர். ஆண்டுக்குச் சராசரி மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் மாநிலத்தின் கிணற்றுத் தண்ணீர் மென்மையாக இருக்கிறது. காய்ந்தபின் புள்ளி விழுவதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கைமீட்டர் ஒன்று என்னிடம் உண்டு; அதை அந்தக் கடையின் வாளியில் விட்டபோது 60 காட்டியது. செங்கோட்டைக்குக் கிழக்கே எங்கள் வீட்டு போர்வெல்லில் அதே மீட்டர் 900-த்தைத் தாண்டுகிறது. குடிநீருக்கு ஏற்ற அளவாக இந்தியத் தர நிர்ணயம் சொல்வதே லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான். இந்த உவர்த்தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், அழுக்குப் போன இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் வந்து உட்காரும். கறுப்புக் கண்ணாடியிலும் சோலார் பேனலிலும் அது நன்றாகத் தெரியும். மலையின் மறைவில் இருப்பதற்கு நாங்கள் கொடுக்கும் வரி என்று வைத்துக்கொள்ளலாம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. எல்லையை மாற்றி வரைய முடிந்தது, நிலத்தடித் தண்ணீரை மாற்ற முடியவில்லை.

மூன்றாவது வழியான வீட்டு வாசலுக்கே வந்து கழுவும் சேவையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சின்ன லோடு ஆட்டோவில் தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எங்களுக்குச் சொன்னது 2,000 முதல் 2,800 ரூபாய். கொண்டுவரும் தண்ணீர் கார் ஒன்றுக்குப் போதும், கேரவனுக்கு நம் வீட்டுக் குழாயைத்தான் கேட்கிறார்கள், ஏணியும் நம்முடையது. அப்படியானால் மீதி வேலையையும் நாமே செய்துகொள்ளலாம். நீராவியில் கழுவுவது தண்ணீரை மிச்சப்படுத்தும், உள்ளே மெத்தை, சீட் துணி, சமையல் மேடைக்கு நன்றாகவும் இருக்கும். வெளியே ஸ்டிக்கர் ஓரத்திலும் சீலன்ட்டிலும் அந்தச் சூட்டை நான் விடமாட்டேன்.

நான்காவது வழி, வீட்டிலேயே. ஒருமுறை வாங்க வேண்டியவை: சிறிய பிரஷர் வாஷர், பக்கத்தில் சாய்க்காமல் தானே நிற்கும் அலுமினிய ஏணி, நீளக் கம்பில் மாட்டிய மென்மையான பிரஷ், இரண்டு வாளி, துணிகள். எங்களுக்கு மொத்தம் 16,000 ரூபாய் ஆனது. நான்கு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 4,000. ஒவ்வொரு முறையும் இரண்டு ஆள் அரை நாளுக்கு 1,000 ரூபாய், ஷாம்புவும் சில்லறையும் 150 ரூபாய். தண்ணீர் 500 லிட்டர்த் தொட்டியில் முக்கால் பங்கு போகிறது. பாத்திரம் விளக்கும் திரவத்தை விட்டு வாக்ஸைக் கரைத்துக்கொள்ளாமல், வாகனங்களுக்கான ஷாம்புவையே வாங்குவது நல்லது. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் கூரை சூடாவதற்குள் முடிந்துவிடும். நண்பகலில் கொதிக்கும் சோலார் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவது விரிசலை வலிய அழைப்பது. உவர்த்தண்ணீர்ப் புள்ளியைத் தவிர்க்க, ஒருவர் கழுவிக்கொண்டு போகும்போதே மற்றவர் பின்னால் துடைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு ஆள் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஜன்னல்களைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையிலும் வீட்டிலும் அதிகம் பாழாவது அவைதான். கேரவன்களில் வைக்கப்படும் வெளிப்புறம் தள்ளித் திறக்கும் ஜன்னல்கள் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, இரண்டு அடுக்கு அக்ரிலிக். பார்க்கக் கண்ணாடிபோலவே இருப்பதால், கடைகளில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ கலந்த கண்ணாடித் திரவத்தை அடித்துப் பழைய துணியால் துடைத்துவிடுகிறார்கள். முந்தைய லாரியைத் துடைத்த அந்தத் துணியில் மணல் இருக்கும்; கீறல் அப்போதே விழும். திரவத்தின் வேலை மெதுவானது: சில மாதம் கழித்து வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலைபோல நுண்ணிய வெடிப்புகள் தெரியும், அவை போகவே போகாது. ஏராளமாகத் தண்ணீர் விட்டு மண்ணைக் கரைத்தபின், லேசான சோப்புத் தண்ணீரும் புதுத் துணியும் மட்டுமே அவற்றுக்கு உரியவை. எங்கள் வண்டியில் இடப்பக்க ஜன்னலில் மூன்று விரல் அகலத்துக்கு வட்டவட்டமாகக் கீறல் இருக்கிறது. இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் பட்டால் கோலம் போட்டதுபோல் மின்னும்.

ஐந்தாவதாக ஒரு வழியையும் சிலர் சொல்வார்கள்: ஆற்றில் இறக்கிக் கழுவுவது. செலவில்லை என்பார்கள். நீர்நிலையில் மாசு கலப்பதை 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இது வழியே அல்ல.

இப்போது ஓராண்டுக் கணக்கு. மாதம் ஒருமுறை லாரி வாட்டர் சர்வீஸில் 1,200 வீதம் விட்டால் 14,400 ரூபாய். மாதம் ஒருமுறை புனலூர் போய் 5,080 வீதம் செலவழித்தால் 60,960 ரூபாய். நாங்கள் இப்போது செய்வது கலவை: வீட்டில் எட்டு முறை 9,200 ரூபாய், அடிப்பாகம் மட்டும் ரேம்ப்பில் மூன்று முறை, தலா 600 வீதம் 1,800 ரூபாய், ஆண்டுக்கு ஒரு பாலிஷும் வாக்ஸும் 14,160 ரூபாய், அதற்கான டீசல் 950 ரூபாய், கருவிகளின் தேய்மானம் 4,000 ரூபாய். மொத்தம் 30,110 ரூபாய். மலிவான வழியைவிட இது இரண்டு மடங்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாக்ஸை விட்டுவிட்டால் டீசலும் மிச்சமாகி 15,000 ரூபாய்க்கு வந்துவிடும், அப்போது லாரி சர்வீஸுக்கும் இதற்கும் ஏறத்தாழ ஒரே செலவு. அத்தானின் கட்சி அதுதான். "வருசம் பதினஞ்சாயிரத்த மெழுகுல போட்டு என்ன மாப்ளே வெளக்கா ஏத்தப்போறோம்?" என்கிறார். வண்டி ஷெட்டுக்குள் நிற்பதானால் நானும் அவர் பக்கம் சேருவேன்; எங்களுடையது ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் நிற்கிறது. 24,700 ரூபாய்ச் சம்பவம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடந்தாலே, லாரி சர்வீஸின் மலிவில் ஆண்டுக்கு ஐயாயிரம் குறைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாடகைக்கு விடுபவருக்கு என் பரிந்துரை வேறு. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு வாகமண், மூணாறு பக்கம் போகும் பயணங்களுக்குக் கேட்பு இருக்கிறது. அடுத்தடுத்துப் பயணம் இருக்கும்போது அரை நாள் வீட்டில் நிறுத்திக் கழுவுவது கட்டுப்படியாகாது. அவருக்கு ஒரு மணி நேரத்தில் முடியும் வாட்டர் சர்வீஸ்தான் சரி. ஆனால் டிரைவரையோ கிளீனரையோ கட்டாயம் கூட அனுப்பி, கூரையையும் ஜன்னலையும் அவரே கையால் கழுவ வேண்டும், கன் இடுப்புக்குக் கீழே மட்டும் என்று பேசிக்கொள்ள வேண்டும். உள்புறச் சுத்தம், கழிவுத் தொட்டி, டாய்லெட் கேசட் (கழற்றி எடுத்துக் காலி செய்யும் மலத்தொட்டி) ஆகியவற்றை எந்தக் கடையும் கழுவும் விலையில் சேர்ப்பதில்லை. சேர்த்ததாகச் சொன்னாலும் தொட்டியை எங்கே காலி செய்வார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலமும் விலையைத் தீர்மானிக்கிறது. கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை செங்கோட்டைச் சாலையில் சபரிமலை வண்டிகள் இரவு பகலாகப் போகின்றன; ஐயப்பசாமிகளின் வேன்கள் வரிசையில் நிற்கும்போது நம் கேரவனுக்கு ரேம்ப் கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் பையன்கள் அவசரத்தில் இருப்பார்கள். அந்த இரண்டு மாதமும் நான் கடைப்பக்கம் போவதில்லை. சாரல் காலத்தில் பளபளப்புக்காகப் பணம் கொடுப்பதும் வீண். பீடிங் ஓரப் பாசியை மட்டும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டு, வெயில் மறைப்புத் துணியை ஈரத்தோடு சுருட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மழையும் கூட்டமும் ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத தை மாதக் கடைசியில்தான் நாங்கள் பாலிஷுக்குப் போகிறோம். அந்த வேளையில் புனலூர்க் கடையில் 12,000 என்பது 11,000 ஆகவும் இறங்கியிருக்கிறது.

எங்கே விட்டாலும் போவதற்கு முந்தைய நாள் மாலை நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஏணி போட்டு ஏறிப் பதினான்கு திறப்புகளின் சீலன்ட்டையும் விரலால் தடவிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் 400 ரூபாய்க் குழாய் ஒன்றை வாங்கிப் பூசிக் காயவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் துவாரத்தின் மேலும் கரண்ட் சாக்கெட்டின் மேலும் பெயின்டர்கள் ஒட்டும் மஞ்சள் பேப்பர் டேப்பை ஒட்டுகிறேன். டேப்பின் மேல் மார்க்கரால் "இங்கே அடிக்காதீங்க தம்பி" என்று தமிழில் எழுதி, மலை தாண்டுவதாக இருந்தால் கீழே மலையாளத்திலும் எழுதிவைக்கிறேன். டேப்புக்கு 60 ரூபாய்.